லைன் கிளியர்! – ராயபுரம் தண்டவாளத்தில் இருந்து கம்ப்யூட்டர் வரை ஓர் ஒப்பந்தத்தின் கதை

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி மக்களுக்குத் திறக்கப்பட்டது. ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை சுமார் 100 கிலோமீட்டர். நடத்தியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. அன்று கட்டிய ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்றும் தூண்களோடு நிற்கிறது. மின்சார ரயிலில் பீச்சில் இருந்து திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போகிறவர்கள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கட்டடத்தைப் பற்றியது அல்ல. தண்டவாளத்தோடு சேர்ந்து வந்த ஒரு சிக்கலைப் பற்றியது. ஒரே ஒரு பாதை. இந்த முனையில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், பல மைல் தள்ளி அந்த முனையில் இன்னொருவர். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு ரயிலை அனுப்பிவிட்டால்?

"அதனால் என்ன, தந்தி அடித்துச் சொல்லிவிடலாமே" என்றுதான் முதலில் தோன்றும். 1850-களிலேயே இந்தியாவில் தந்தி வந்துவிட்டது. ஆனால் செய்தி அனுப்புவது வேறு, உடன்படுவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அடைக்க மனிதர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தப் பாடத்தை ரயில்வே முதலில் படித்தது, கம்ப்யூட்டர்காரர்கள் பிறகு படித்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், இருவரும் தவறியது ஒரே இடத்தில்.

பிசினஸ் லா புத்தகத்தில் ஒரு ரயில் விபத்து

பி.காம். படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதில் 4-ஆம் பிரிவைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள். செய்தி எப்போது "சென்று சேர்ந்தது" ஆகும் என்பதைச் சொல்லும் பிரிவு அது.

முன்மொழிவு, எதிராளிக்குத் தெரிய வரும்போது முழுமை ஆகிறது. ஏற்பு அப்படி அல்ல. கடிதத்தைத் தபாலில் போட்ட அந்த நிமிடமே முன்மொழிந்தவர் கட்டுப்பட்டுவிடுகிறார். ஏற்றவரோ, அந்தக் கடிதம் போய்ச் சேரும்போதுதான் கட்டுப்படுகிறார். ரத்து செய்வதற்கும் இதே மாதிரி விதி உண்டு. அனுப்பியவரைப் பொறுத்தவரை அனுப்பியதும் முழுமை, பெறுபவரைப் பொறுத்தவரை கிடைத்ததும் முழுமை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தபால் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரே ஒப்பந்தத்தைப் பற்றி இரண்டு பேர் மனதிலும் இரண்டு நிலை இருக்கிறது. வியாபாரத்தில் இதனால் வருவது பண நஷ்டம். ரயிலில் வருவது என்ன?

சட்டம் வந்து இரண்டே வருஷத்தில், 1874 செப்டம்பர் 10-ஆம் தேதி இரவு, அதற்கு விடை கிடைத்தது. இடம் இங்கிலாந்தில் நார்விச் நகரை ஒட்டிய தார்ப். நார்விச்சுக்கும் பிரண்டல் என்ற ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைப் பாதை. லண்டனில் இருந்து வந்த எக்ஸ்பிரஸ் தாமதம். அது நார்விச்சை விட்டுக் கிளம்புவதற்குள் எதிர்த்திசை மெயிலை பிரண்டலில் இருந்து வரச் சொல்லிவிடலாமா என்று ஒரு யோசனை. இரவு இன்ஸ்பெக்டர் அந்தச் செய்தியைத் தந்தி குமாஸ்தாவிடம் வாயால் சொன்னார். கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லாத செய்தியை அனுப்பக் கூடாது என்பது விதி. ஆகவே அது போயிருக்காது என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார். குமாஸ்தாவோ அனுப்பிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் எக்ஸ்பிரஸை விட்டுவிட்டார். நடந்தது தெரிந்ததும் மெயிலை நிறுத்தச் சொல்லி அவசரத் தந்தி பறந்தது. மெயில் கிளம்பிவிட்டது என்று பதில் வந்தது. ரத்துச் செய்தி அனுப்பியாயிற்று, ஆனால் பயன் இல்லை. மழை இரவில் இரண்டு ரயில்களும் நேருக்கு நேர் மோதின. செத்தவர்கள் 25 பேருக்குக் குறையாது.

இதில் தந்திக் கம்பி பழுதாகவில்லை. ஓர் எழுத்துகூட மாறவில்லை. எல்லாச் செய்தியும் சரியாகவே போய்ச் சேர்ந்தது! இல்லாமல் போனது ஒரு பெயர். "இதை நான் சொல்கிறேன்" என்று ஒருவர் கீழே போட வேண்டிய கையெழுத்து.

ஒரு இரும்புக் குண்டு செய்த வேலை

இந்த விபத்துக்குப் பிறகு எட்வர்ட் டையர் என்ற பொறியாளர் 1878-இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு ஸ்டேஷனிலும் ஆளுக்கொரு பெட்டி, நடுவே மின்கம்பி. பெட்டிக்குள் வட்டமான வில்லைகள். ஒரு வில்லையை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அடுத்த ஸ்டேஷன்காரர் தன் பெட்டியில் சம்மதம் தர வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டால் இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். அந்த வில்லை ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்ப விழும்வரை இன்னொன்று வெளியே வராது. டிரைவர் கையில் வில்லை இருந்தால்தான் அந்தப் பாதையில் நுழையலாம்.

அதாவது டையர் செய்தியைத் திருத்தவில்லை, செய்தியின் வரிசையைத் திருத்தினார். யார் கேட்ட பிறகு யார் சொல்லலாம், எதற்குப் பிறகு எது வரலாம் என்ற ஒப்பந்தத்தை மனிதர்களின் ஞாபகத்தில் இருந்து எடுத்து இரும்புக்குள் வைத்தார்.

இந்தியாவில் இதே வேலையைச் செய்து புகழ்பெற்றது நீல் என்பவர் பெயரில் உள்ள பால் டோக்கன் கருவி. வில்லைக்குப் பதில் இரும்புக் குண்டு. எந்த செக்‌ஷனுக்கு உரியது என்பது குண்டிலேயே பொறித்திருக்கும். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் ரயிலில் இருந்து நீளும் கையில் மாட்டிவிடும் காட்சி பழைய ஆட்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ராயபுரம்–எண்ணூர் தடத்தில் இன்று டோக்கனுக்கு வேலை இல்லை, பல பாதைகளும் மின் சிக்னலும் வந்துவிட்டன. ஆனால் "லைன் கிளியர்" என்ற சொல் மட்டும் ரயில்வேயில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு சுவையான ஏற்பாடும் உண்டு. அதன் பெயர் பிரைவேட் நம்பர். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் ஒரு விஷயத்தை உறுதி செய்யும்போது தன்னிடம் உள்ள தாளில் இருந்து ஓர் எண்ணைச் சொல்வார். எதிர்முனையில் அதை எழுதிக்கொள்வார்கள். சொன்ன எண் அடிக்கப்பட்டுவிடும், மறுபடி அதைப் பயன்படுத்த முடியாது. லெவல் கிராசிங் கேட் கீப்பர், கேட்டை மூடிவிட்டேன் என்று சொல்லும்போதும் இப்படி எண் தருவது வழக்கம். நேற்றைய பேச்சை இன்றைய பேச்சு என்று யாரும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, எத்தனை எளிமையான வழி!

டோக்கன் இருந்தும் மோதிய ரயில்கள்

சரி, இரும்பில் பூட்டியாயிற்று. இனி பயமில்லை அல்லவா? இல்லை!

1921 ஜனவரி 26. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் அபெர்மூல் என்ற சின்ன ஸ்டேஷன். டையரின் வில்லைக் கருவி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு பாசஞ்சர் ரயில் வந்து நின்றது. தான் கடந்து வந்த செக்‌ஷனின் வில்லையை டிரைவர் ஒப்படைத்தார். ஸ்டேஷனில் இருந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றி, அடுத்த செக்‌ஷனுக்கு உரியது என்று நினைத்து, அதே வில்லையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வில்லையில் செக்‌ஷன் பெயர் இருந்தது. யாரும் படிக்கவில்லை. டிரைவரும் படிக்கவில்லை. ரயில் கிளம்பியது, எதிரே எக்ஸ்பிரஸ். 17 பேர் செத்தார்கள்.

தார்ப்பில் பெயர் எழுதப்படவில்லை. அபெர்மூலில் எழுதியிருந்த பெயர் வாசிக்கப்படவில்லை. ஒப்பந்தம் எத்தனை கெட்டியாக இருந்தாலும், "இது யாருக்கு, எதற்கு" என்ற கேள்வி விட்டுப்போனால் அது வெறும் வில்லைதான்.

கம்ப்யூட்டர்கள் அதே பாடத்தைப் படித்த விதம்

இப்போது ஸ்டேஷன் மாஸ்டர்களுக்குப் பதில் கம்ப்யூட்டர்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மென்பொருள் இன்று ஒரே இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. ஆர்டர் வாங்குவது ஓர் இடம், பணம் எடுப்பது வேறோர் இடம், சரக்கு அனுப்புவது மூன்றாவது இடம். எல்லாம் செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்கின்றன. எந்தச் செய்திக்குப் பிறகு எந்தச் செய்தி என்ற உடன்பாட்டுக்கு நெறிமுறை என்று பெயர், ஆங்கில வழக்கில் புரோட்டோகால்.

1978-இல் ரோஜர் நீதம், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரண்டு அறிஞர்கள், முன்பின் பேசாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ள ஒரு நெறிமுறை எழுதினார்கள். அதை எளிமையாக இப்படிச் சொல்லலாம்.

அமுதா தன் பெயரையும் ஒரு புது எண்ணையும் பூட்டிய உறையில் போட்டு பாலுவுக்கு அனுப்புகிறாள். அந்த உறையை பாலு மட்டுமே திறக்க முடியும். பாலு அவளுடைய எண்ணோடு தன் புது எண் ஒன்றையும் சேர்த்து, அமுதா மட்டுமே திறக்கக்கூடிய உறையில் திருப்பி அனுப்புகிறான். அமுதா பாலுவின் எண்ணைத் திருப்பிச் சொல்கிறாள். முடிந்தது. நம் ரயில்வே பிரைவேட் நம்பரின் சொந்தக்காரன்தான் இது!

பார்த்தவர்கள் எல்லோரும் சரி என்றார்கள். 17 வருஷம் கழித்து, 1995-இல் கேவின் லோ என்பவர் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். அமுதா ஒருநாள் சேகர் என்பவனோடு பேசத் தொடங்குகிறாள் என்று வையுங்கள். சேகர் ஒரு மோசடிப் பேர்வழி. அவன் அமுதாவின் உறையைத் திறந்து, உள்ளே இருந்ததை அப்படியே பாலுவின் உறைக்குள் போட்டு அனுப்புகிறான். அமுதாதான் பேசுகிறாள் என்று நம்பி பாலு பதில் உறை அனுப்புகிறான். சேகரால் அதைத் திறக்க முடியாது. அதனால் என்ன? அதைத் தன் பதில்போல அமுதாவிடமே தள்ளிவிடுகிறான். உள்ளே தன் எண் சரியாக இருப்பதைப் பார்த்த அமுதா, கூட இருக்கும் எண் சேகருடையது என்று எண்ணி அவனுக்கே சொல்லிவிடுகிறாள். இப்போது பாலுவின் ரகசிய எண் சேகர் கையில். அதைச் சொல்லி அமுதாவாகவே நடித்துவிடலாம்.

பூட்டு எதுவும் உடையவில்லை. ஒவ்வொரு செய்தியும் விதிப்படிதான் போனது. தார்ப் தந்தி மாதிரியே.

லோ சொன்ன திருத்தம் என்ன தெரியுமா? பாலு அனுப்பும் பதிலில் "நான் பாலு" என்று தன் பெயரையும் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். உறையைத் திறந்ததும் அமுதா, "நான் சேகரோடு அல்லவா பேசிக்கொண்டிருந்தேன், இதில் ஏன் பாலு பெயர்?" என்று நிறுத்திவிடுவாள். 121 வருஷத்துக்கு முன் நார்விச்சில் விட்டுப்போனது என்னவோ, அதுவேதான் இங்கும் விட்டுப்போயிருந்தது.

இப்படி ஒவ்வொன்றாக ஓட்டை தேடிக்கொண்டிருப்பதற்குப் பதில், ஒப்பந்தத்தையே கணிதமாக எழுதிவிட்டால் என்ன? கோஹெய் ஹோண்டா என்ற ஜப்பானிய அறிஞர் 1993-இல் அதற்கு அடித்தளம் போட்டார். 2008-இல் அவரும் நொபுகோ யோஷிடா, மார்கோ கார்போனே ஆகியோரும் அதைப் பல பேர் பங்கெடுக்கும் உரையாடல்களுக்கு விரித்தார்கள். யோசனை இதுதான்: முதலில் முழு உரையாடலையும் மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரே ஒப்பந்தமாக எழுதுவது. பிறகு அதில் இருந்து ஒவ்வொருவருக்கும் உரிய பங்கைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பது. ஒவ்வொருவரும் தன் பங்கை மீறவில்லை என்று சோதித்துவிட்டால், மொத்தமும் சரியாக ஓடும்.

ரயில்வேயில் இதற்கு நேரான ஏற்பாடு உண்டு. நாடு முழுமைக்கும் 1976-ஆம் ஆண்டின் பொது விதிகள். அவற்றுக்கு இணங்க, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அதன் பாதைகள், பாயிண்டுகள், கேட்டுகளுக்கு ஏற்றபடி தனியாக ஸ்டேஷன் நடைமுறை விதிகள். கொருக்குப்பேட்டைக்கு ஒன்று, எண்ணூருக்கு ஒன்று. இரண்டும் வேறு, ஆனால் ஒன்றோடொன்று முட்டக் கூடாது.

எழுதுவதைவிடப் பழுது பார்ப்பது கடினம்

புதிதாக ஒப்பந்தம் எழுதுவதுகூடப் பரவாயில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் திருத்துவதுதான் ஆபத்து.

கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நமக்குத் தெரியாத வண்டி அல்ல. கொல்கத்தாவை ஒட்டிய ஷாலிமாரில் இருந்து கும்மிடிப்பூண்டி, எண்ணூர், திருவொற்றியூர் தாண்டித்தான் சென்ட்ரலுக்கு வருகிறது. 2023 ஜூன் 2-ஆம் தேதி அது சென்னைக்கு வந்து சேரவில்லை. ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பாஹாநாகா பஜார் ஸ்டேஷனில் நேர்ப் பாதைக்குப் பச்சை சிக்னல் விழுந்திருந்தது. ஆனால் பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. முழு வேகத்தில் வந்த வண்டி லூப்பில் புகுந்து, அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

பாயிண்ட் ஒரு பக்கமும் சிக்னல் இன்னொரு பக்கமும் காட்டாமல் இருக்கத்தான் இன்டர்லாக்கிங் என்ற ஏற்பாடே இருக்கிறது. பிறகு எப்படி? ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை இரண்டு பழுதுபார்ப்பு வேலைகளைச் சுட்டிக்காட்டியது. முன்பு ஒருமுறை சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றம் ஒன்று. 94-ஆம் எண் லெவல் கிராசிங்கில் மின் தடுப்பை மாற்றியபோது செய்த வேலை மற்றொன்று. லெவல் கிராசிங் அருகில் இருந்த பெட்டிக்குள் கம்பிகளின் பெயர் எழுத்து தவறாக இருந்தது. சர்க்யூட்டை மாற்றியவர்கள் பெயரை மாற்றவில்லை. அது பல வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. அடுத்து வந்தவர்கள் அந்தப் பெயரை நம்பி இணைத்தார்கள். பாயிண்ட் நேராக இருக்கிறது என்ற பொய்ச் செய்தியை சிக்னல் அமைப்பு உண்மை என்று எடுத்துக்கொண்டது.

மறுபடியும் ஒரு பெயர்!

இதைவிட வருத்தம் என்னவென்றால், 2022 மே 16-ஆம் தேதி பாங்க்ரா நயாபாஜ் ஸ்டேஷனில் தவறான ஒயரிங்கால் இதுபோன்ற நிகழ்வு ஏற்கெனவே நடந்திருந்தது. அப்போதே எல்லா இடத்திலும் திருத்தியிருந்தால் பாஹாநாகா நடந்திருக்காது என்று அதே அறிக்கை கூறியது. ஒரு முனையில் கண்ட ஓட்டையை எல்லா முனையிலும் அடைக்காவிட்டால், அதற்குப் பெயர் திருத்தம் இல்லை, தற்காலிக நிம்மதி.

2024 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு, எண்ணூருக்கு வடக்கே கவரைப்பேட்டையிலும் கிட்டத்தட்ட இதே காட்சி. மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு நேர்ப் பாதை சிக்னல் கிடைத்தது, வண்டியோ லூப் லைனுக்குள் புகுந்து சரக்கு ரயிலில் மோதியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அங்கே பாயிண்டின் பாகங்கள் கழற்றப்பட்டிருந்தனவா என்ற கோணத்தில் விசாரணை போனது. செய்தி சரியாக இருந்தாலும், அது சொல்லும் பொருள் தரையில் உண்மையாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அந்த லெவல் கிராசிங் அப்போது இன்டர்லாக்கிங் இல்லாமல் இருந்தது. அத்தகைய கேட் மூடியிருக்கிறதா என்பதோடு சிக்னலுக்குத் தொடர்பு கிடையாது. இருப்பது வாய்ச்சொல்லும் எண்ணும் மட்டுமே. சொல்லை எண்ணால் உறுதி செய்யலாம், கேட்டை எண்ணால் மூட முடியாது.

காசிமேட்டில் மீன் வாங்கும்போது

ரயிலோடு இது முடிந்துவிடவில்லை. காசிமேட்டில் மீன் வாங்கிவிட்டு யு.பி.ஐ.-யில் பணம் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் கழிந்துவிட்டது, கடைக்கார அக்காவின் போனில் சத்தம் வரவில்லை. "வரலையே தம்பி" என்கிறார். ஒரே பணம், இரண்டு முனையிலும் இரண்டு நிலை. 1872 சட்டத்தின் தபால் இடைவெளிதான், இப்போது சில நொடிகளுக்குள்.

இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கடைக்குச் செலுத்திய பணம் கழிந்து, கடைக்கு உறுதிச் செய்தி போகாவிட்டால், ஐந்து நாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். மௌனத்துக்கு என்ன பொருள் என்று ஒப்பந்தம் தெளிவாகச் சொன்னது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 12 இலக்க எண் ஒன்றும் உண்டு. தகராறு வந்தால் இரண்டு பேரும் "எந்தப் பணம்" என்று குழம்பாமல் ஒன்றையே சுட்டிக்காட்டலாம். பிரைவேட் நம்பர் போட்ட வழி!

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 12-ஆம் பிரிவில் இன்னும் கறாராகவே சொல்கிறது. பெற்றுக்கொண்டதாக ஒப்புகை வந்தால்தான் செல்லும் என்று அனுப்பியவர் நிபந்தனை போட்டிருந்தால், ஒப்புகை வராதவரை அந்தச் செய்தி அனுப்பப்படவே இல்லை என்று கொள்ள வேண்டும். தார்ப் இன்ஸ்பெக்டர் மனதில் நினைத்ததும் இதைத்தான். ஆனால் அது அவர் மனதில் மட்டும் இருந்தது, குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை.

நூற்றைம்பது வருஷக் கதையைச் சுருக்கினால் மூன்று கேள்விகள் மிஞ்சும். இதைச் சொல்வது யார்? எதைப் பற்றிச் சொல்கிறார்? பதில் வராவிட்டால் என்ன பொருள்? கருவி மாறலாம். தந்தி போய் டோக்கன் வந்தது, டோக்கன் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. இந்த மூன்றுக்கும் இரண்டு முனையிலும் ஒரே விடை இருந்தால் அது ஒப்பந்தம். ஒரு முனையில் மட்டும் விடை இருந்தால், அது அந்த முனையில் இருப்பவரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு லைன் கிளியர் கொடுக்க முடியாது.